ஆசிரியர் ஜாகிர் ஹுசைன்: கண்டிப்பு எதில், கனிவு எதில்?

பள்ளிக்கூடங்கள் திறந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். பொள்ளாச்சியில் நாம் இமாமாக இருக்கும் பள்ளிவாசலுக்கு, இஷா தொழுகை முடிந்த நேரத்தில், மஹல்லாவைச் சேர்ந்த ஒருவர் தம் மகளை அழைத்து வந்தார். பி.எட். முடித்த பிள்ளை. இந்த ஆண்டுதான் முதன்முதலாக ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். ஆறாம் வகுப்பு. துஆ செய்யச் சொல்லி வந்திருக்கிறார்கள் என்று நினைத்தோம். துஆவும் கேட்டார்கள். ஆனால் வந்த காரணம் வேறு.

வேலைக்குச் சேர்ந்த அன்றே மூத்த ஆசிரியர்கள் அந்தப் பிள்ளைக்கு ஒரு அறிவுரை சொல்லியிருக்கிறார்கள். காலாண்டுத் தேர்வு வரை வகுப்பில் சிரித்துவிடக் கூடாதாம். ஒருமுறை இறங்கி வந்தால் பிறகு ஏறவே முடியாதாம். அதன்படி முதல் நாளே ஒரு சட்டம் போட்டார். வீட்டுப்பாடம் எழுதாதவர்கள் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும். முதல் வாரம் நன்றாகத்தான் போனது. இரண்டாம் வாரம் ஒரு மாணவி எழுதாமல் வந்தாள். அவளுடைய தாயார் ஆஸ்பத்திரியில் இருந்தார். மனம் கேட்காமல் உட்கார வைத்துவிட்டார். மறுநாள் ஐந்து பேர் ஆளுக்கொரு காரணத்தோடு வந்து நின்றார்கள். ஏமாற்றுகிறார்கள் என்று கோபம் வந்து, மூன்றாம் வாரம் யாருடைய காரணத்தையும் கேட்கவில்லை. அன்று வெளியே நின்று அழுதவள், ஒரு நாளும் எழுதாமல் வராத பிள்ளை. இப்போது வகுப்பில் பயமும் இல்லை, பிரியமும் இல்லை என்று அவர் வருத்தப்பட்டார். சட்டம் என்றால் எல்லோருக்கும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும் ஹஜ்ரத், பிறகு ஏன் இரண்டு வகையிலும் தவறாகப் போகிறது என்பதுதான் அவர் கேட்ட கேள்வி.

இந்த விஷயத்தில் நமக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறோம். அன்றிரவு அந்தப் பிள்ளைக்கு நாம் சொன்னது, நம் நாட்டின் மூன்றாவது குடியரசுத் தலைவர் மர்ஹூம் டாக்டர் ஜாகிர் ஹுசைன் அவர்களைப் பற்றி. மத்ரஸாவில் ஓதி முடித்த பிறகு தபால் வழியில் பி.ஏ. வரலாறு படித்தபோதுதான் அவரைப் பற்றி நாம் விரிவாகப் படித்தோம். அதுவரை பொது அறிவுப் புத்தகத்தில் வரும் ஒரு பெயர், அவ்வளவுதான். நம்மில் பலருக்கும் அவர் இன்றுவரை முதல் முஸ்லிம் குடியரசுத் தலைவர் என்ற ஒரு வரியாகவே இருக்கிறார். அந்தப் பதவியில் அவர் இருந்தது இரண்டு ஆண்டுகள்கூட முழுதாக இல்லை. ஆசிரியராக இருந்ததோ வாழ்நாளில் பெரும்பகுதி.

1897 பிப்ரவரி 8 அன்று ஹைதராபாத்தில் பிறந்தார். பூர்வீகம் உத்தரப் பிரதேசத்தின் ஃபரூக்காபாத் மாவட்டத்திலுள்ள காயிம்கஞ்ச். அப்ரீதி பட்டாணியர் குடும்பம். தந்தை ஃபிதா ஹுசைன் கான் ஹைதராபாத்தில் வழக்கறிஞராக இருந்தவர். ஏழு ஆண் மக்களில் ஜாகிர் மூன்றாமவர். அவருக்குப் பத்து வயதாகும்போது தந்தை மறைந்தார். குடும்பம் காயிம்கஞ்ச் திரும்பியது. 1911-ல் பிளேக் நோயில் தாயாரும் போய்விட்டார். பதினான்கு வயதுப் பையன், எட்டாவா நகரின் இஸ்லாமியா உயர்நிலைப் பள்ளி விடுதியில், தாயும் தந்தையும் இல்லாமல் படித்துக் கொண்டிருந்தான்.

அந்தப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர் சையித் அல்தாஃப் ஹுசைன். விடுதியில் தொழுகை, படிப்பு, உணவு எல்லாம் நேரப்படி நடக்கும். எளிய சாப்பாடு. பெற்றோரை இழந்த அந்தப் பையனுக்கு அந்த ஒழுங்கே ஒரு வீடாக இருந்தது. பிற்காலத்தில் பெரிய பதவிகளில் இருந்தபோதும் அந்தத் தலைமையாசிரியரை ஜாகிர் ஹுசைன் நன்றியோடுதான் நினைவுகூர்ந்தார். நேரம் தவறாத வீட்டில் வளரும் பிள்ளைக்கு ஒரு தைரியம் உண்டு. நாளை என்ன நடக்கும் என்று அதற்குத் தெரியும். கண்டிப்பு என்றால் குழந்தைக்குக் கொடுமை என்று இன்று சிலர் பேசுகிறார்கள். அனாதைப் பிள்ளைகளை வளர்த்தவர்களிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள்.

ஆனால் ஒழுங்கு அவருக்கு இயல்பாக வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். 1913-ல் அலிகர் எம்.ஏ.ஓ. கல்லூரியில் சேர்ந்தார். மருத்துவம் படிக்கும் எண்ணத்தில் லக்னோ போய், உடல்நலம் குன்றி, மீண்டும் அலிகருக்கே வந்து 1918-ல் பட்டம் பெற்றார். அங்கே நண்பர்கள் அவரை முர்ஷித் என்று அழைத்தார்கள். பேச்சில் வல்லவர், அபாரமான அறிவு, ஆனால் நேரத்துக்கு எழுந்து நேரத்துக்குப் படிக்கும் மாணவர் அல்ல. ஒழுங்கின் அருமையைக் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டவர் என்பதால்தானோ என்னவோ, ஒழுங்கு இல்லாத பிள்ளைகளை அவர் வெறுக்கவில்லை.

1920 அக்டோபரில் அவர் வாழ்க்கை திரும்பியது. ஒத்துழையாமை இயக்கமும் கிலாபத் இயக்கமும் உச்சத்தில் இருந்த நேரம். காந்திஜியும் அலி சகோதரர்களும் அலிகருக்கு வந்து, ஆங்கில அரசின் உதவியில் நடக்கும் கல்லூரியை விட்டு வெளியே வருமாறு மாணவர்களை அழைத்தார்கள். அப்போது 23 வயது ஜாகிர் எம்.ஏ. மாணவர், அதே கல்லூரியில் பகுதிநேரமாகப் பாடமும் நடத்தி வந்தார். அவரும் ஒரு சிறு கூட்டமும் வெளியே வந்தார்கள். அக்டோபர் 29 அன்று ஜாமிஆ மில்லிய்யா இஸ்லாமிய்யா அலிகரிலேயே தொடங்கப்பட்டது. தொடங்கி வைத்தவர் மால்டா சிறையிலிருந்து விடுதலையாகி வந்திருந்த ஷைகுல் ஹிந்த் மௌலானா மஹ்மூதுல் ஹஸன் அவர்கள். கடும் நோயில் இருந்தார். அடுத்த மாதமே வஃபாத்தானார். தேவ்பந்தின் பெரிய ஆலிமும், அலிகரின் ஆங்கிலம் படித்த இளைஞர்களும் ஒரே இடத்தில் கூடிய நாள் அது. மத்ரஸாவிலும் கல்லூரியிலும் கால் வைத்த நம்மைப் போன்றவர்களுக்கு அந்த நாள் தனியாக நினைவில் நிற்கிறது.

அந்தப் புதிய நிறுவனத்தில் ஜாகிர் ஹுசைன் இரண்டு ஆண்டுகள் பாடம் நடத்தினார். 1922-ல் ஜெர்மனி போனார். பெர்லின் பல்கலைக்கழகத்தில் பொருளாதார அறிஞர் வெர்னர் ஸோம்பார்ட் வழிகாட்டுதலில், ஆங்கிலேயர் ஆட்சியில் இந்திய விவசாயம் பற்றி ஆய்வு செய்து 1926-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அந்த இடைவெளியில் பெர்லினிலுள்ள ஒரு அச்சகத்தில் மிர்ஸா காலிபின் திவானை அழகாக அச்சிட்டு வெளியிட்டார். கைத்தொழிலையும் கல்வியையும் இணைத்த கெர்ஷன்ஸ்டைனர் என்ற ஜெர்மானியக் கல்வியாளரின் கருத்துகள் அவர் மனதில் ஆழமாகப் பதிந்ததும் அங்கேதான். பொருளாதாரம் படிக்கப் போனவர், பள்ளிக்கூடத்தைப் பற்றிய சிந்தனையோடு திரும்பினார்.

இதற்குள் ஜாமிஆ மூடப்படும் நிலைக்கு வந்திருந்தது. கிலாபத் இயக்கம் ஓய்ந்ததும் பணவரவும் ஓய்ந்தது. 1925-ல் ஹகீம் அஜ்மல் கான் அதை டெல்லி கரோல் பாக்கிற்குக் கொண்டு வந்து, தம் சொந்த முயற்சியில் நடத்தினார். மூடி விடாதீர்கள், நாங்கள் வந்து எங்கள் வாழ்நாளைக் கொடுக்கிறோம் என்று ஜெர்மனியிலிருந்து செய்தி அனுப்பியவர்கள் மூவர்: ஜாகிர் ஹுசைன், ஆபித் ஹுசைன், முஹம்மத் முஜீப். சொன்னபடி 1926-ல் வந்து சேர்ந்தார்கள். 29 வயதில் ஜாகிர் ஹுசைன் ஷைகுல் ஜாமிஆ, அதாவது துணைவேந்தர் ஆனார். பெயர்தான் துணைவேந்தர். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் முதல் கல்லூரி மாணவர்கள் வரை இருந்த, வாடகைக் கட்டடங்களில் நடந்த ஒரு ஏழைப் பள்ளிக்கூடத்தின் பொறுப்பாளர் என்று சொன்னால் சரியாக இருக்கும். 22 ஆண்டுகள் அங்கேயே இருந்தார்.

அந்த ஆசிரியைப் பிள்ளைக்கு நாம் முதலில் சொன்னது இந்தக் காலத்து ஒரு நிகழ்ச்சியைத்தான். ஜாமிஆவோடு தொடர்புடையவர்கள் இன்றும் சொல்லி வருவது. மாணவர்கள் சுத்தமாக வர வேண்டும், ஷூ பாலிஷ் போட்டிருக்க வேண்டும் என்பது ஜாகிர் ஹுசைன் வைத்திருந்த விதி. ஏழைப் பள்ளிக்கூடமாக இருக்கலாம், ஆனால் அழுக்காக இருக்கக் கூடாது. சொல்லிப் பார்த்தார், அறிவிப்பு போட்டுப் பார்த்தார், சிலர் கேட்கவில்லை. ஒரு நாள் காலையில் மாணவர்கள் வரும் வாசலில் பிரஷ்ஷும் பாலிஷும் வைத்துக்கொண்டு அவரே உட்கார்ந்துவிட்டார். அழுக்கு ஷூவோடு வந்தவர்களின் ஷூவைத் தம் கையால் துடைத்து அனுப்பினார். அன்றோடு அந்தப் பிரச்சினை முடிந்தது என்பார்கள்.

இதைக் கேட்டதும் அந்தப் பிள்ளையின் தகப்பனார் சிரித்தார். இந்தக் காலத்தில் அப்படிச் செய்தால் பிள்ளைகள் தினமும் துடைத்துவிடச் சொல்லி நீட்டுவார்கள் என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இதை அப்படியே செய்யச் சொல்லி நாம் சொல்லவில்லை. அவர் எதை விட்டுக் கொடுத்தார், எதை விட்டுக் கொடுக்கவில்லை என்று பார்க்கச் சொன்னோம். ஷூ சுத்தமாக இருக்க வேண்டும் என்ற விதி அங்கேயே நின்றது. ஒருவரும் அழுக்கு ஷூவோடு உள்ளே போகவில்லை; வசதியானவன், ஏழை என்ற வேறுபாடும் இல்லை. மாறியது, விதியை நிறைவேற்றிய விதம் மட்டும். அதில் வெட்கப்பட வேண்டிய சுமையை மாணவன் தலையில் போடாமல் தம் மடியில் வாங்கிக் கொண்டார்.

நம் ஆசிரியைப் பிள்ளை செய்தது இதற்கு நேர்மாறு. அவருடைய விதி உண்மையில் வீட்டுப்பாடம் எழுத வேண்டும் என்பது. வெளியே நிற்பது அந்த விதி அல்ல, அது தண்டனை. இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டதால், தண்டனையை ஒருத்திக்குத் தளர்த்தியபோது விதியே தளர்ந்துவிட்டது. தண்டனையை இறுக்கியபோது, எழுத விரும்பும் பிள்ளையையும் வெளியே தள்ளிவிட்டது. தாய் ஆஸ்பத்திரியில் இருக்கும் மாணவியை வகுப்பில் உட்கார வைத்தது சரிதான். அதோடு, அந்தப் பாடத்தை மதிய இடைவேளையில் தம் பக்கத்தில் இருத்தி எழுத வைத்திருந்தால், மறுநாள் ஐந்து பேர் காரணத்தோடு வந்திருக்க மாட்டார்கள். காரணம் சொன்னால் தப்பிக்கலாம் என்பது போய், காரணம் எதுவானாலும் எழுதித்தான் ஆக வேண்டும், டீச்சர் உதவுவார் என்பது வகுப்புக்குத் தெரிந்திருக்கும்.

இந்த இடத்தில் ஸஹாபி முஆத் பின் ஜபல் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியையும் சொன்னோம். ஓதியவர்களுக்குத் தெரிந்ததுதான். முஆத் இளைஞர், தம் கூட்டத்தாருக்கு இமாமாகத் தொழ வைத்து வந்தார். ஒரு நாள் இஷாவில் ஸூரா பகராவை ஓதத் தொடங்கிவிட்டார். பகல் முழுதும் ஒட்டகங்களோடு உழைத்துவிட்டு வந்த ஒருவர், நிற்க முடியாமல் ஜமாஅத்தை விட்டு விலகித் தனியாகத் தொழுதுவிட்டுப் போனார். அவரை முஆத் குறை பேசினார். விஷயம் நபி (ஸல்) அவர்களிடம் போனபோது, அவர்கள் கோபப்பட்டது விலகிப் போனவர்மீது அல்ல, முஆத்மீது. சிறிய ஸூராக்களின் பெயரைச் சொல்லி அவற்றை ஓதும்படி சொன்னார்கள். தொழுகையில் ஒரு ரக்அத்தும் குறையவில்லை, ஓதும் அளவுதான் குறைந்தது. பின்னால் நிற்பவர்களில் நோயாளி, முதியவர், வேலையாள் இருப்பார்கள் என்பதை இமாம் அறிந்திருக்க வேண்டும்.

ஜாகிர் ஹுசைனிடம் திரும்புவோம். 1927 டிசம்பரில் ஹகீம் அஜ்மல் கான் மறைந்ததும் ஜாமிஆவின் கை முற்றிலும் வறண்டது. ஆசிரியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. 1928-ல் ஆசிரியர்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து ஒரு வாக்குறுதி எடுத்தார்கள். 20 ஆண்டுகள் இங்கேயே பணியாற்றுவோம். மாதம் 150 ரூபாய்க்கு மேல் சம்பளம் கேட்க மாட்டோம். ஜெர்மனியிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்தவர்கள் இதில் கையெழுத்திட்டார்கள். ஆங்கில அரசின் மானியத்தை வாங்கியிருந்தால் எல்லோருக்கும் சம்பளம் கிடைத்திருக்கும். பட்டங்களுக்கு அரசு அங்கீகாரம் கிடைத்திருக்கும். அதை மட்டும் அவர்கள் செய்யவில்லை.

1930-ல் உப்புச் சத்தியாக்கிரகம் வந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. ஜாமிஆவே போராட்டத்திலிருந்து பிறந்த நிறுவனம். எல்லோரும் வகுப்பை மூடிவிட்டுப் போராட்டத்திற்குப் போவது என்றால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், பாராட்டியிருப்பார்கள். ஜாகிர் ஹுசைன் மூடவில்லை. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகவே நடக்கும் என்றார். போக விரும்பிய ஆசிரியர்களைத் தடுக்கவும் இல்லை. சிலர் போனார்கள், சிறைக்கும் சென்றார்கள். அவர் மற்றவர்களோடு சேர்ந்து பாடம் நடத்திக் கொண்டிருந்தார். கோழை என்று பேசியவர்கள் உண்டு. மணியடித்தால் வகுப்பு நடக்கும் என்ற நம்பிக்கையைப் பிள்ளைகளிடம் உடைக்கக் கூடாது என்பதை, தேசம் முழுதும் கொந்தளித்த நேரத்திலும் அவர் பிடித்துக் கொண்டார். அவருடைய வாழ்க்கையில் நமக்கு மிகவும் கடினமாகத் தெரியும் முடிவு இதுதான். நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஜாமிஆவின் ஆரம்பப் பள்ளி அந்தக் காலத்தில் ஒரு புதுமை. அப்துல் கஃப்பார் முத்ஹோலி என்ற ஆசிரியர், பிள்ளைகள் தாமே செய்து கற்கும் முறையை அங்கே கொண்டு வந்தார். பிள்ளைகளே கடை நடத்தினார்கள், அதில் கணக்குப் பாடம் வந்தது. 1930-களின் தொடக்கத்தில் கெர்டா ஃபிலிப்ஸ்போர்ன் என்ற ஜெர்மானிய யூதப் பெண்மணி, பெர்லினில் ஏற்பட்ட பழக்கத்தின் காரணமாக ஜாமிஆவுக்கு வந்து சிறு பிள்ளைகளோடு பணியாற்றினார். பிள்ளைகள் அவரை ஆபா ஜான் என்று அழைத்தார்கள். 1943-ல் இறந்தபோது ஜாமிஆவின் மையவாடியிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

1935 மார்ச் 1 அன்று ஓக்லாவில் சொந்தக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டும் விழா. தலைவர்களுக்குப் பஞ்சம் இல்லாத டெல்லி. யாரை அழைப்பார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்க, ஜாமிஆவின் மாணவர்களிலேயே மிகச் சிறியவன் ஒருவன் அழைக்கப்பட்டு, அவன் கையால் கல் நாட்டப்பட்டது. நம் ஊர்களில் கட்டட அழைப்பிதழில் பெயர் வரிசைக்காக நடக்கும் சண்டைகளைப் பார்த்துவிட்டு இதைப் படித்தால் சற்று நேரம் பேச்சு வராது.

சொல்ல மனம் கனக்கும் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. அவரோடு வாழ்ந்தவர்கள் பதிவு செய்தது. ஆரம்பப் பள்ளித் தேர்வில் வெற்றி பெற்ற பிள்ளைகளுக்கு ஜாகிர் ஹுசைன் இனிப்பு வழங்கிக் கொண்டிருந்தார். அவருடைய சின்ன மகள் ரைஹானா அப்போது வீட்டில் உடல்நலமின்றி இருந்தாள். பணியாள் வந்து காதில் ஏதோ சொன்னார். முகம் வெளுத்தது. ஆனால் கை நிற்கவில்லை. வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு இனிப்பைக் கொடுத்துக் கொண்டே இருந்தார். பிறகுதான் தெரிந்தது, மகள் மறைந்த செய்தி அது என்று. ஏன் உடனே எழுந்து போகவில்லை என்று கேட்டவர்களிடம், பிள்ளைகள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள், அதைக் கெடுக்க மனம் வரவில்லை என்ற பொருளில் பதில் சொல்லியிருக்கிறார். அதன்பின் பல நாட்கள் காலையில் அவருடைய தலையணை ஈரமாக இருந்ததை அவர் மனைவி ஷாஜஹான் பேகம் சொன்னதாக வருகிறது. பின்னாளில் அவர் சிறுவர்களுக்காக உருதுவில் எழுதிய கதைகள் ருகையா ரைஹானா என்ற பெயரில் வெளிவந்தன. அபூ கான் என்ற முதியவரின் ஆட்டைப் பற்றிய கதை அவற்றில் புகழ்பெற்றது.

இந்த நிகழ்ச்சியை அந்தப் பிள்ளைக்குச் சொல்லும்போது நாம் ஒன்றைச் சேர்த்துச் சொன்னோம். இது எல்லோராலும் முடியாது; எல்லோரும் செய்ய வேண்டியதும் அல்ல. நம் வீட்டில் மரணம் நேர்ந்தால் எழுந்து போவதுதான் இயல்பு. அவருக்குள் பிள்ளைகளுக்கு இருந்த இடம் எவ்வளவு என்று தெரிவதற்காகத்தான் சொன்னோம்.

1937 அக்டோபரில் வார்தாவில் காந்திஜி கூட்டிய கல்வி மாநாடு, ஜாகிர் ஹுசைன் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அந்தக் குழுவின் அறிக்கையிலிருந்து வந்ததுதான் ஆதாரக் கல்வித் திட்டம். ஏழு ஆண்டு இலவசக் கட்டாயக் கல்வி, தாய்மொழியில், ஒரு கைத்தொழிலை மையமாக வைத்து. பொள்ளாச்சி, கோவை பக்கத்துப் பெரியவர்கள் பள்ளியில் தக்ளியில் நூல் நூற்ற கதையைச் சொல்வார்களே, அதன் மூலம் இங்கேதான் இருக்கிறது. பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தை நிறுவிய தி.சு. அவினாசிலிங்கம் 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தபோது ஆதாரக் கல்வியைப் பரப்பினார். ஒரு முஸ்லிம் ஆசிரியர் தலைமையில் எழுதப்பட்டது கொங்குநாட்டுப் பள்ளிக்கூடத் திண்ணை வரை வந்தது.

இதற்காக ஜாகிர் ஹுசைனுக்குக் கிடைத்தது பாராட்டு மட்டும் அல்ல. மார்க்கக் கல்விக்கு இடமில்லை என்று முஸ்லிம் லீக் கடுமையாக எதிர்த்தது. நம் சமுதாயத்திலேயே பலர் அவரை ஏசினார்கள். பின்னாளில் அந்தத் திட்டம் நடைமுறையில் வெறும் சடங்காகிப் போனபோது, அதை முதலில் குறை சொன்னவர்களில் அவரும் ஒருவர். தாம் தலைமை தாங்கி எழுதிய திட்டம் என்பதற்காக, பலன் தராத வடிவத்தை அவர் கட்டிக்கொண்டு அழவில்லை. பிள்ளை கையாலும் அறிவாலும் சேர்ந்து வேலை செய்து வளர வேண்டும் என்ற நோக்கத்தை மட்டும் கடைசிவரை விடவில்லை.

1946 நவம்பரில் ஜாமிஆவின் வெள்ளி விழா. நாடு பிளவின் விளிம்பில் இருந்தது. நேருவையும் ஜின்னாவையும், மௌலானா ஆசாதையும் லியாகத் அலி கானையும் ஒரே மேடைக்கு வரவழைத்தார். வெளியே எரியும் வெறுப்பை அணைக்குமாறு அவர்களிடம் நேருக்கு நேர் கேட்டார். தீ அணையவில்லை. மறு ஆண்டு ரயில் பயணத்தில் ஜலந்தர் நிலையத்தில் அவரே கலவரக்காரர்களிடம் சிக்கினார். ஒரு சீக்கிய ராணுவ அதிகாரியும் ஒரு இந்து ரயில்வே அதிகாரியும் தலையிட்டதால் உயிர் பிழைத்தார்.

அதன் பிறகு வந்த பதவிகளை வேகமாகவே சொல்லிவிடலாம். 1948 முதல் 1956 வரை அலிகர் பல்கலைக்கழகத் துணைவேந்தர். பிரிவினையால் ஆசிரியர்களும் மாணவர்களும் சிதறிப்போன அந்த நிறுவனத்தை நிலைநிறுத்தினார். 1957-ல் பிகார் ஆளுநர், 1962-ல் துணைக் குடியரசுத் தலைவர், 1963-ல் பாரத ரத்னா, 1967 மே 13-ல் குடியரசுத் தலைவர். 1969 மே 3 அன்று பதவியில் இருக்கும்போதே இறையடி சேர்ந்தார். ஜாமிஆ வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். மறு ஆண்டு நம் தமிழ்நாட்டில் இளையான்குடியில் அவர் பெயரில் ஒரு கல்லூரி தொடங்கப்பட்டது.

நல்ல ஆசிரியர் யார் என்பது பற்றி உருதுவில் அவர் எழுதியதில் ஒரு கருத்து நம் மனதில் தங்கியிருக்கிறது. ஆட்சியாளனும் ஆசிரியனும் மனிதர்களைத்தான் கையாளுகிறார்கள். ஆனால் ஆட்சியாளன் கட்டாயப்படுத்துவான், ஆசிரியன் பொறுத்திருப்பான் என்று பிரித்துக் காட்டுகிறார். ஒரு பிள்ளையைப் பற்றி உலகமே நம்பிக்கை இழந்த பிறகும் நம்பிக்கை இழக்காத இருவர் உண்டு, ஒருவர் தாய், மற்றவர் நல்ல ஆசிரியர் என்கிறார்.

இதைச் சொல்லி முடித்தபோது அந்தப் பிள்ளை கேட்டார்: ஹஜ்ரத் ஆரம்பத்தில் பழைய கணக்கு என்று ஏதோ சொன்னீர்களே, அது என்ன என்று. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது என்று ஆரம்பித்தோம்.

பட்டம் வாங்கி வந்த புதிது. இருபத்து மூன்று வயது. காலை மக்தபில் பிள்ளைகளுக்கு ஓதவைக்கும் பொறுப்பு. ஆறு மணிக்குள் வராதவர்கள் வாசலில் நிற்க வேண்டும் என்பது நம் சட்டம். அதில் நமக்குப் பெருமையும் இருந்தது. பெற்றோர்களும் புதிய உஸ்தாத் கண்டிப்பானவர் என்று புகழ்ந்தார்கள். பத்து வயதுப் பையன் ஒருவன் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் தாமதமாக வருவான். மற்ற நாட்களில் முதல் ஆளாக நிற்பான். நல்ல குரல். வல்லின மெல்லின எழுத்துகளை மஹ்ரஜோடு அவ்வளவு அழகாக உச்சரிப்பான். எந்த இரண்டு நாள் என்று நாம் கவனித்திருக்க வேண்டும். செவ்வாயும் வியாழனும். பொள்ளாச்சியில் மாட்டுச் சந்தை கூடும் நாட்கள். அவன் அத்தாவுக்குச் சந்தையில் வேலை. விடியும் முன்பே பையனையும் கூட்டிப் போய்விடுவார். அவன் அதைச் சொல்லவில்லை. நாம் கேட்கவும் இல்லை. வாசலில் நிற்க வைத்தோம். ஒரு வியாழக்கிழமை, சாணி ஒட்டிய காலோடு ஓடி வந்தவனை, இந்தக் கோலத்தில் குர்ஆன் ஓத வருவதா என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டோம்.

வெள்ளிக்கிழமை மக்தப் விடுமுறை. சனிக்கிழமை அவன் வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒருவர் சொல்லித்தான் சந்தை விஷயம் தெரிந்தது. அன்று மாலையே அவன் வீட்டுக்குப் போனோம். அவன் அத்தா மரியாதையாக உட்கார வைத்து டீ கொடுத்தார். பையனைக் கூப்பிட்டார். அவன் உள் அறையிலிருந்து வெளியே வரவில்லை. இரண்டு முறை போனோம். இரண்டு முறையும் வரவில்லை.

பள்ளிவாசல் வாசலில் தண்ணீர்க் குழாய் அப்போதும் இருந்தது. கால் கழுவிவிட்டு உள்ளே வா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

இப்போது அவன் பெரிய ஆள். தேங்காய் லோடு ஏற்றும் லாரி ஓட்டுகிறான். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். ஜும்ஆவுக்கு வருவான். வழியில் பார்த்தால் நின்று ஸலாம் சொல்வான், நலம் விசாரிப்பான். அவன் மூத்த மகள் இப்போது நம்மிடம்தான் ஓதுகிறாள். செவ்வாயும் வியாழனும் அவள் நேரத்துக்கு வந்துவிடுகிறாள். அவனும் வாசல் வரை வந்து விட்டுவிட்டுப் போகிறான். அந்த வியாழக்கிழமை அவனுக்கு நினைவிருக்கிறதா என்று இதுவரை நாம் கேட்டதில்லை.